சிந்தாதிரிப்பேட்டையோடு சரி

2023 ஆகஸ்ட் 27ஆம் தேதியிலிருந்து, வேளச்சேரியிலிருந்து வரும் சென்னையின் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுபோனது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது தண்டவாளம் போட இடம் வேண்டுமாம். அதற்காகப் பூங்கா நகர், கோட்டை, கடற்கரை என்று மூன்று ஸ்டேஷன்களை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஏழு மாதம் என்றார்கள். அது இழுத்துக்கொண்டே போய், 2024 அக்டோபர் 29 அன்றுதான் வண்டி மறுபடி கடற்கரையை எட்டியது.

தண்டவாளம் போய் பஸ் வந்த கதை இந்தப் பட்டணத்தில் அதற்கு எழுபது வருஷம் முன்பே நடந்தாயிற்று. 1895 மே 7ஆம் தேதி இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. முதலில் மின்சாரம் தரைக்கடியில் வந்தது. மழை வெள்ளம் அதை விட்டுவைக்கவில்லை என்பதால், பிறகு தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். 1921 வாக்கில் 97 வண்டிகள், 24 கிலோமீட்டர் பாதை. மவுண்ட் ரோடு, பீச் ரோடு, மின்ட் ரோடு எல்லாம் அதில் சேர்த்தி. கடைசியில் நஷ்டத்தைத் தாங்க முடியாது என்று கம்பெனி கைவிரித்தது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, 1953 ஏப்ரல் 12ஆம் தேதியோடு டிராம் முடிந்தது.

அப்பாவுக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. "மழை வந்தா டிராம் நின்னுடும்டா, பஸ்ஸுன்னா சுத்திண்டாவது போய்ச் சேரும்" என்பார். அரசாங்கம் 1947லேயே 30 வண்டிகளோடு பஸ் தொழிலில் இறங்கிவிட்டது. ஆகவே டிராம் போன பிறகு பஸ்ஸைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அது ஏற்கெனவே தெருவில் ஓடிக்கொண்டிருந்தது; டிராமின் கூட்டத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

2023இல் விஷயமே வேறு. ரயில் எங்கே அறுந்ததோ அங்கே பஸ்ஸை நிறுத்தி, தண்டவாளம் போன வழியாகவே கடற்கரை வரை கொண்டுபோய் விடுவதுதான் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு உடனே தோன்றும். வேளச்சேரியிலிருந்து உட்கார்ந்து வருகிறவருக்கு அது போதும். திருவல்லிக்கேணிக்காரர்களான எங்களுக்கு? திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் அத்தனை படி ஏறி, சேப்பாக்கம் தாண்டி, அடுத்ததாகச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்க வேண்டும். இரண்டே ஸ்டேஷன். அதற்கு மேல் மறுபடி பஸ் பிடிப்பதென்றால், ரத்னா கபே பக்கமே நின்று நேராக பஸ் ஏறிவிடலாமே!

ரயில் அறுந்த இடமும் சங்கடமானதுதான். எங்கள் பக்கத்து மேன்ஷன் பையன்களில் பாதிப்பேர் அம்பத்தூர், ஆவடி என்று வேலைக்குப் போகிறவர்கள். பூங்கா நகரில் இறங்கி, மூர் மார்க்கெட் வளாகத்துக்கு நடந்து, அங்கே மின்சார ரயில் பிடிப்பார்கள். தாம்பரம் பக்கம் போகிறவர்கள் பார்க் ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். கடற்கரை வரை போகிற என்னைப் போன்ற ராஜாஜி சாலை குமாஸ்தாக்களைவிட, சென்ட்ரலில் வண்டி மாறுகிறவர்களுக்குத்தான் அடி பலம். திட்டம் போட என்னைக் கேட்டிருந்தால் காலை எட்டு மணிக்குள் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலிருந்து சென்ட்ரலுக்கு நாலு பஸ் கூடுதலாக விடச் சொல்லியிருப்பேன். சிந்தாதிரிப்பேட்டையில் அந்த வேலையை ஷேர் ஆட்டோக்காரர்கள் யாரும் சொல்லாமலே செய்தார்கள். வண்டி வந்து நிற்பதற்குள் கீழேயிருந்து "சென்ட்ரல், சென்ட்ரல், பாரிஸ்" என்று குரல் வந்துவிடும். ஒரு ரயில் கூட்டம் ஒரே மூச்சில் இறங்கும்; பஸ்ஸில் எத்தனை நெருக்கினாலும் எழுபது எண்பது பேருக்கு மேல் ஏறாது. மிச்சப் பேரைப் பற்றி ஆட்டோக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு சங்கடம் டிக்கெட். ரயில் மத்திய அரசினுடையது, பஸ் மாநில அரசினுடையது. ஒன்றின் சீசன் டிக்கெட்டை மற்றதில் காட்டினால் கண்டக்டர் சிரிப்பார். ஜப்பானில் ஒரு ரயில் பாதை தடைப்பட்டால், அதே டிக்கெட்டோடு வேறு கம்பெனியின் ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற்றிவிடும் ஏற்பாடு உண்டு. கணக்கைக் கம்பெனிகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும். இங்கே பெண்களுக்கு மட்டும் வேறு கணக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் அவர்களுக்கு இலவசம். ரயில் நின்றதும் என் மனைவிக்குப் பயணச் செலவே போய்விட்டது. "உங்க ரயில் நின்னதுல எனக்கு லாபம்" என்று அவள் சொல்லிக் காட்டாத நாளில்லை. அந்த இலவச பிங்க் பஸ் வரும்வரை காத்திருக்கிறாளே, அந்த நேரத்தை அவள் செலவில் சேர்ப்பதில்லை.

பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில்தான் வந்தது. அதற்குள் கடற்கரைக்கு ரயில் திரும்பி பத்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேன்ஷன் பையன்களில் சிலர் இன்னும் பஸ்ஸிலேயே சென்ட்ரல் போகிறார்கள். கேட்டால், படி ஏற வேண்டாமே சார் என்கிறார்கள்.