லின்மவுத்: அழகும் அதன் விலையும்

ஓர் ஊரின் அழகைக் கண் காட்டிவிடும். அவ்வழகுக்கு அவ்வூரார் கொடுத்த விலையை வரலாறே காட்டும். இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் வட்டாரத்தின் வடகரையிலுள்ள லின்மவுத் என்னும் சிற்றூர் இதற்குச் சான்று.

ஊரின் முன்னே கடல். பின்னே எக்ஸ்மூர் என்னும் மேட்டுநிலம். மரம் அரிதாய், புல்லும் குறும்புதரும் மண்டிய, மழை மிகுந்த வெளி அது. அங்குப் பிறக்கும் கிழக்கு லின், மேற்கு லின் என்னும் ஈராறுகள் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் இறங்கி, இவ்வூரிலே கூடிக் கடலை அடைகின்றன. காண வருவோர் வியக்கும் எழில் இக்கூடலால் விளைந்ததே.

1812ஆம் ஆண்டுக் கோடையில் கவிஞர் ஷெல்லி இங்குத் தங்கினார். அப்போது அவருக்கு அகவை இருபது. மனித உரிமை பேசும் தம் அறிக்கைகளைப் புட்டிகளில் அடைத்துக் கடலில் விட்டார். வெப்பக்காற்றுக் கூண்டுகளில் கட்டி வானில் பறக்கவிட்டார். அவ்வறிக்கையை அண்மை நகராகிய பார்ன்ஸ்டபிளின் சுவர்களில் ஒட்டிய பணியாள் டேனியல் ஹீலி பிடிபட்டார். தண்டத்தொகை 200 பவுன் கட்ட இயலாமையால் ஆறு திங்கள் சிறையிருந்தார். கவிஞரின் கனவுக்குப் பணியாள் விலை கொடுத்தார்.

1899 சனவரி 12 அன்று, புயலில் சிக்கிய கப்பலொன்று உதவி வேண்டியது. கொந்தளிப்பால் லின்மவுத்துக் கரையிலிருந்து உயிர்காப்புப் படகை இறக்க முடியவில்லை. ஊரார் மனந்தளரவில்லை. ‘லூயிசா’ என்னும் அப்படகை, குதிரைகள் பூட்டி, இரவெல்லாம் மேட்டுநிலத்தின் மீது ஏறத்தாழ 13 மைல் இழுத்துச் சென்று, போர்லாக் கரையில் இறக்கினர். கப்பலில் இருந்தோர் உயிர் பிழைத்தனர். கடல் மறித்த வழியை அன்று மேட்டுநிலம் தந்தது.

வழி தந்த அந்நிலமே 1952 ஆகஸ்டு 15 அன்று பேரழிவையும் அனுப்பியது. முன்பே நீரில் ஊறியிருந்த எக்ஸ்மூர் மீது ஒரே நாளில் ஏறத்தாழ 229 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மண் உறிஞ்ச இயலாத நீர், பாறைகளையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு இரவில் ஊருக்குள் புகுந்தது. 34 பேர் மாண்டனர். கட்டடங்களுக்கு இடம் வேண்டி, மேற்கு லின் ஆற்றை முன்னரே குறுகிய வழியில் அடக்கியிருந்தனர். அவ்வழி அடைபடவே, ஆறு தன் பழைய தடத்திலேயே திரும்பி ஓடியது. மனிதர் மறந்த தடத்தை ஆறு மறக்கவில்லை.

ஊரை மீளக் கட்டியபோது, ஆற்றுக்கு அகன்ற வழி விடப்பட்டது. 1890இல் திறக்கப்பெற்று, லின்மவுத்தையும் குன்றின் மேலுள்ள லின்டனையும் இணைக்கும் இருப்புப்பாதை, அதே மேற்கு லின் ஆற்று நீரின் எடையால்தான் இன்றும் இயங்குகிறது. அழித்த ஆற்றோடு பகை கொள்ளாது, அதற்குரிய இடத்தைத் தந்து வாழக் கற்றது இச்சிற்றூர். இங்குக் கடல் காண வருவோர் ஒருமுறை திரும்பி, மேட்டுநிலத்தையும் நோக்குதல் வேண்டும்.