ஒரு டொமைனுக்குள் நாற்பது ஆண்டுகள்

ஹைதராபாத் மாதாப்பூரில் ஏதாவது ஒரு கம்பெனியின் மெயில் போய்ச் சேரவில்லை என்றால், நான் முதலில் சர்வரைத் தொடுவதில்லை. ‘டிக்’ கட்டளை போட்டு டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளைப் பார்ப்பேன். நான்கைந்து வரிகள்தான் வரும். மின்னஞ்சல் யாரையெல்லாம் நம்பி ஏமாந்தது என்ற வரலாறு அவற்றில் இருக்கும்.

மூத்த வரி எம்எக்ஸ். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய, மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி விதிகளில், அனுப்புகிறவர் சொன்னதுதான் பெயர். அன்று இணைப்பில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் என்பதால் யாரும் யாரையும் சோதிக்கவில்லை. மறு ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வகுத்தார். 1986-இல் வந்த எம்எக்ஸ், எனக்கு வரும் கடிதத்தை எந்த சர்வரில் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னது. என் பெயரில் யார் அனுப்பலாம் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, ஹைதராபாத் முதல் பட்டியலில் இல்லை. 1998-இல் இங்கே சைபர் டவர்ஸ் ஐடி கட்டடம் வந்தது. 2005-இல் ‘டாட் இன்’ பெயர்கள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கின. அமீர்பேட்டில் லினக்ஸ் படித்த எங்களைப் போன்றவர்கள், சின்ன ஆபீஸ்களில் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர் போட்டுக் கொடுத்துப் பிழைத்தோம். சர்வர் நம்முடையது, ஐபி முகவரி பிராட்பேண்ட்காரருடையது. ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவை அவர்தான் எழுத வேண்டும். அது இல்லாத ஐபியிலிருந்து வரும் மெயிலைப் பெரிய சர்வர்கள் சந்தேகப்படும். பிடிஆர் கேட்டுப் போனால், கவுன்டரில் இருப்பவர் பில் கட்ட வந்தவனைப் போல் பார்ப்பார்.

ஸ்பாம் பெருகப் பெருக வரிகளும் கூடின. 2006-இல் முறைப்படுத்திய எஸ்பிஎஃப், என் பெயரில் அனுப்பக்கூடிய சர்வர்கள் எவை என்று பட்டியலிட்டது. யாஹூவின் முறையும் சிஸ்கோவின் முறையும் இணைந்து உருவான டிகிம் 2007-இல் முறைப்படுத்தப்பட்டது. கடிதத்தில் கையெழுத்து, அதைச் சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ்ஸில். 2012-இல் வெளிவந்த டிமார்க், இரண்டும் தோற்றால் கடிதத்தை என்ன செய்வது என்பதை டொமைன்காரரையே சொல்லச் சொன்னது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு ‘ரிஜெக்ட்’ என்று எழுதியதும், மடற்குழுக்கள் வழியாகப் போன நல்ல கடிதங்களும் உலகெங்கும் திரும்பி வந்தன.

2016 நவம்பர் 3 முதல் 9 வரை, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஹைதராபாத் எச்ஐசிசி அரங்கில் கூடியது. அமெரிக்க அரசின் மேற்பார்வை முடிந்தபின் நடந்த முதல் கூட்டம் அது. உலகின் வேர் சர்வர்களைப் பற்றி அங்கே பேசினார்கள். ஒரு கம்பெனியின் மெயில் சேருமா என்பதை முடிவு செய்யும், எஸ்பிஎஃப் போன்றவை இருக்கும் டிஎக்ஸ்டி வரியையோ, இங்கே முதலாளியின் மச்சினன்தான் பெரும்பாலும் எழுதியிருப்பார்.

“மெயில் ராலேது அண்ணா” (மெயில் வரவில்லை அண்ணா) என்று ஒரு வேலைவாய்ப்பு நிறுவனத்தார் கூப்பிட்டார்கள். பில்லிங், செய்திமடல், சம்பள மென்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் எஸ்பிஎஃப் வரியில் ஒரு ‘இன்க்ளூட்’. எஸ்பிஎஃப் சோதனையில் டிஎன்எஸ் தேடலுக்கு விதித்த உச்சவரம்பு 10. அதைத் தாண்டியதால் பட்டியலே செல்லாமல் போயிருந்தது. ஆஃபர் லெட்டர்கள் ஸ்பாமில் கிடந்தன.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கட்டாயமாக்கின. ஜிமெயில் வைத்த எல்லை நாளுக்கு 5,000 மெயில். அதன்பின் எனக்கு வேலை கூடியது. ஆனாலும் வாடிக்கையாளரிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: பெயரில் ஓர் எழுத்தை மாற்றி டொமைன் வாங்குகிற போலி ஆஃபர்காரனும் இந்த மூன்றையும் ஒழுங்காகப் போட்டுக்கொள்ளலாம். இவை சான்று சொல்வது பெயருக்கு, ஆளுக்கு அல்ல.