உலகின் மிக உயரமான கட்டிடம் எது? ஒரு மார்க் கேள்விக்குப் பின்னால் ஒரு கடன் கணக்கு

பொது அறிவு கைடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரே வரிதான் பதில். உலகின் மிக உயரமான கட்டிடம்: புர்ஜ் கலீஃபா, துபாய், 828 மீட்டர், திறப்பு 2010 ஜனவரி 4. மனப்பாடம் செய்தால் ஒரு மார்க் நிச்சயம்.

ஆனால் திறப்பு விழா வரைக்கும் அந்தக் கட்டிடத்தின் பெயரே வேறு என்பது கைடில் இருக்காது. கட்டிய ஆறு வருடமும் அது "புர்ஜ் துபாய்". விழா அன்றுதான் "புர்ஜ் கலீஃபா" ஆனது. ஷேக் கலீஃபா துபாயின் ஆட்சியாளரும் அல்ல. பக்கத்து எமிரேட்டான அபுதாபியின் ஆட்சியாளர், ஐக்கிய அரபு எமிரேட்டுகளின் அப்போதைய அதிபர். அவர் பெயர் ஏன்? சரியாக மூன்று வாரத்துக்கு முன்பு, 2009 டிசம்பரில், துபாய் அரசு நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் தவித்தபோது 1,000 கோடி டாலர் கொடுத்துத் தூக்கிவிட்டது அபுதாபிதான். இதை நன்றிக்கடன் என்பதா, வட்டி என்பதா என்று வாசிப்பவர்களே முடிவு செய்து கொள்ளலாம்!

துபாய்க்கு மட்டும் நடந்த கதை அல்ல இது. "உலகின் உயரமான கட்டிடம்" என்ற பட்டம் கைமாறிய வரலாற்றைப் பார்த்தால், பல இடங்களில் கொத்தனாருக்குப் பக்கத்திலேயே கடன்காரரும் நிற்கிறார்.

முதலில் ஆரம்பம். சிகாகோவில் 1885-ல் வில்லியம் லெ பரோன் ஜென்னி கட்டிய ஹோம் இன்சூரன்ஸ் கட்டிடத்தை முதல் வானளாவி என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். வெறும் 10 மாடி, 42 மீட்டர். இன்று நம் ஊர் அபார்ட்மெண்ட் ஒன்றின் உயரம். அதில் புதுமை உயரம் அல்ல, எலும்புக்கூடு. அதுவரை கட்டிடத்தின் பாரத்தைச் சுவர்தான் தாங்கியது. மாடி ஏற ஏற கீழ்ச் சுவர் தடித்துக்கொண்டே போகும். அதே சிகாகோவில் 1891-ல் பழைய முறைப்படி செங்கல் சுவரில் கட்டிய 16 மாடி மொனாட்நாக் கட்டிடத்தின் அடிச்சுவர் கனம் 1.8 மீட்டர்! நல்ல வாடகை கிடைக்கும் தரைத்தளத்தைச் சுவரே தின்றுவிடுகிறது. ஜென்னி பாரத்தை இரும்பு, எஃகுச் சட்டத்துக்கு மாற்றியதும் சுவர் வெறும் போர்வை ஆகிவிட்டது.

இன்னொரு பாதி வேலையைச் செய்தது லிஃப்ட். கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்டை எலிஷா ஓடிஸ் 1850-களில் நியூயார்க்கில் கொண்டுவந்தார். லிஃப்ட் இல்லாத காலத்தில் மேல் மாடிக்கு வாடகை குறைவு, ஏறிச் சாக வேண்டுமே. லிஃப்ட் வந்ததும் கணக்கு தலைகீழானது. வெளிச்சம், காற்று, காட்சி என்று மேலே போகப் போக வாடகை கூடியது. வானளாவி பிறந்தது கலையால் அல்ல, வாடகையால்.

இந்த வரலாற்றில் தனியாகக் குறிப்பிட வேண்டிய ஆள் ஃபிராங்க் வூல்வொர்த். ஐந்து காசு, பத்து காசுக்குச் சாமான் விற்ற சங்கிலிக் கடைகளின் முதலாளி. 1913-ல் நியூயார்க்கில் 241 மீட்டரில் தன் பெயரில் கட்டிடம் எழுப்பி உலக சாதனை செய்தார். செலவு சுமார் 1 கோடியே 35 லட்சம் டாலர். அடமானம் இல்லை, கடன் இல்லை, எல்லாமே ரொக்கம். அடுத்து வந்தவர்கள் எல்லோரும் இந்த விஷயத்தில் அவரைப் பின்பற்றவில்லை.

இனி 1929. சினிமாவுக்கே பொருத்தமான கதை இதுதான்.

நியூயார்க்கில் இரண்டு கட்டிடங்கள் போட்டி போட்டு எழும்பின. ஒன்று 40 வால் ஸ்ட்ரீட், வடிவமைத்தவர் கிரெய்க் செவரன்ஸ். இன்னொன்று கார் கம்பெனி அதிபர் வால்டர் கிரைஸ்லர் தன் சொந்தப் பணத்தில் கட்டிய கிரைஸ்லர் கட்டிடம், வடிவமைத்தவர் வில்லியம் வான் ஆலன். இருவரும் முன்னாள் கூட்டாளிகள், பிறகு ஜென்ம விரோதிகள். ஒருவர் உயரத்தைக் கூட்டினால் மற்றவரும் கூட்டுவார். கடைசியில் 283 மீட்டரோடு ஜெயித்துவிட்டதாக செவரன்ஸ் தரப்பு நினைத்தது. ஆனால் வான் ஆலன் 56 மீட்டர் நீள எஃகு ஊசிக்கோபுரம் ஒன்றைத் துண்டு துண்டாகக் கட்டிடத்துக்கு உள்ளேயே வைத்து ரகசியமாகத் தயார் செய்திருந்தார். 1929 அக்டோபர் 23 அன்று ஒன்றரை மணி நேரத்தில் அதைக் கூரை வழியாக மேலே ஏற்றிப் பொருத்திவிட்டார்கள். உயரம் 319 மீட்டர். ஆட்டம் முடிந்தது!

தேதியைக் கவனியுங்கள். அக்டோபர் 23. மறுநாள் அக்டோபர் 24, "கறுப்பு வியாழன்". நியூயார்க் பங்குச்சந்தை சரியத் தொடங்கிய நாள். ஊரே பங்கு விலையைப் பார்த்துக் கலங்கியபோது, உலகத்திலேயே உயரமான ஊசியை அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம்?

வான் ஆலனுக்கும் நல்லது நடக்கவில்லை. கட்டணம் பற்றி கிரைஸ்லரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடாமலே வேலை செய்திருந்தார். கட்டுமானச் செலவில் 6 சதவீதம் கேட்டார், கிரைஸ்லர் மறுத்தார், வழக்கு நடந்தது. வழக்கில் ஜெயித்தார். ஆனால் அதன் பிறகு பெரிய வேலை எதுவும் அவருக்கு வரவில்லை. (வணிகச் சட்டத்தில் ஒப்பந்தம் பற்றிய பாடம் போரடிக்கிறது என்பவர்கள் இவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.)

அதே சமயத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் முன்னாள் நிர்வாகி ஜான் ராஸ்கோப், எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மாதம் 15 டாலரை நல்ல பங்குகளில் போட்டால் இருபது வருடத்தில் யாரும் பணக்காரர் ஆகலாம் என்று 1929 ஆகஸ்ட் மாதப் பத்திரிகையில் பேட்டி கொடுத்தவர் இதே ராஸ்கோப்தான். இரண்டு மாதத்தில் சந்தை விழுந்தது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. 1930 மார்ச் 17-ல் கட்டுமானம் தொடங்கியது, 1931 மே 1-ல் திறப்பு. 102 மாடி, 381 மீட்டர், 410 நாள்! உச்சகட்டத்தில் ஒரே நாளில் 3,400 பேர் வரை வேலை செய்தார்கள். வெளியே லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் நின்றதால் கூலியும் மலிவு, பொருளும் மலிவு. மதிப்பீட்டை விடக் குறைந்த செலவிலேயே வேலை முடிந்தது.

ஒரு வேடிக்கை: 1929 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் தொட்ட உச்சம் 381. கட்டிடத்தின் உயரமும் 381 மீட்டர். கட்டிடம் அப்படியே நின்றது. குறியீட்டெண் 1932 ஜூலையில் 41-க்கு வந்துவிட்டது.

மலிவாகக் கட்டியது சரி, குடிவர ஆள் வேண்டாமா? மாடி மாடியாகக் காலி. நியூயார்க்வாசிகள் அதற்கு "எம்ப்டி ஸ்டேட்" என்று பெயர் வைத்தார்கள். உச்சிக்குப் போய் ஊரைப் பார்க்க வந்தவர்களின் டிக்கெட் காசுதான் பெரிய ஆறுதல். லாபம் பார்க்க ஏறக்குறைய இருபது வருடம் ஆனது.

இத்தனைக்கும் 1930-லேயே கிளார்க், கிங்ஸ்டன் என்ற இருவர் இந்தக் கணக்கைப் போட்டுப் புத்தகமாக எழுதிவிட்டார்கள். நியூயார்க்கின் மையப்பகுதியில், அன்றைய நிலவிலையில், முதலீட்டுக்கு அதிக வருமானம் தரும் உயரம் 63 மாடி என்பது அவர்கள் விடை. அதற்கு மேல் ஒவ்வொரு மாடிக்கும் லிஃப்டும் தூணும் கூடிக்கொண்டே போகும். அவை அடைக்கும் இடத்துக்கு வாடகை வராது. நம் பாடத்தில் வரும் இறுதிநிலைச் செலவு, இறுதிநிலை வருவாய் அதேதான். அந்த அளவைத் தாண்டிக் கட்டும் மாடிகள் விளம்பரத்துக்குத்தான்.

ஏன் திரும்பத் திரும்பப் பொருளாதாரச் சரிவின் வாசலில் திறப்பு விழா நடக்கிறது? கடன் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் நிலவிலை ஏறும். ஏறிய நிலத்தில் பணத்தை எடுக்க மாடியைக் கூட்ட வேண்டும். முடிவெடுப்பது நல்ல காலத்தில், கட்டி முடிப்பது சில வருடம் கழித்து. அதற்குள் சக்கரம் சுற்றிவிடுகிறது. ஆண்ட்ரூ லாரன்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் 1999-ல் இதற்கு "வானளாவிக் குறியீடு" என்றே பெயர் வைத்தார். அதற்காகக் கட்டிடத்தைப் பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது. ஜேசன் பார் முதலானோர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், உயரத்தை வைத்துச் சரிவை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றும், பொருளாதார வளர்ச்சிதான் உயரத்தை நிர்ணயிக்கிறது என்றும் கண்டார்கள். வூல்வொர்த் கட்டிடத்துக்குப் பிறகு பெரிய சரிவு எதுவும் வரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

சிகாகோவின் சியர்ஸ் டவர் (442 மீட்டர்) 1970-களில் பட்டத்தை வாங்கி இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்தது. அதைச் சாத்தியமாக்கிய பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். 2009-ல் அதன் பெயர் வில்லிஸ் டவர் ஆனது.

அதனிடமிருந்து பட்டத்தைப் பறித்தது கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். 452 மீட்டர், 88 மாடி. அது நிற்கும் இடம் முன்பு குதிரைப் பந்தய மைதானம். அந்த நிலத்தை நகர மையமாக மாற்றும் திட்டத்தின் பின்னால் இருந்தவர் ஆனந்த கிருஷ்ணன், இலங்கைத் தமிழ் வம்சாவளியில் வந்த மலேசியத் தொழிலதிபர். 2024-ல் காலமானார். அமெரிக்காவில் இருந்த உயரக் கட்டிடக் கவுன்சில் 1996-ல் பெட்ரோனாஸுக்குப் பட்டம் கொடுத்ததும் சிகாகோ கொதித்தது. காரணம், ஆட்கள் புழங்கும் கடைசி மாடியை வைத்துப் பார்த்தால் சியர்ஸ்தான் உயரம். பெட்ரோனாஸை ஜெயிக்க வைத்தது உச்சி ஊசி. ஊசி கட்டிடத்தின் வடிவத்தோடு சேர்ந்தது, ஆண்டெனா பிறகு மாட்டிய சாமான், எனவே ஆண்டெனா கணக்கில் வராது என்பது கவுன்சிலின் வாதம். வான் ஆலனின் தந்திரத்துக்கு 67 வருடம் கழித்து சட்ட அங்கீகாரம்! கோபுரம் திறந்தபோது ஆசிய நிதி நெருக்கடி (1997) வந்து போயிருந்தது.

2004-ல் தைபே 101 (508 மீட்டர்). பூகம்பமும் புயலும் ஆட்டும் ஊர் என்பதால் மேல் மாடிகளுக்கு நடுவே 660 டன் எஃகு உருண்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டிடம் ஒரு பக்கம் சாய்ந்தால் உருண்டை எதிர்ப்பக்கம் ஆடி அதைத் தணிக்கும்.

பிறகு மீண்டும் துபாய். புர்ஜ் கலீஃபாவின் 828 மீட்டரில் மனிதர் புழங்கும் கடைசித் தளம் 585 மீட்டரில் முடிகிறது. அதற்கு மேல் உள்ள சுமார் 240 மீட்டரில் யாரும் குடியிருக்க முடியாது. தனியாக நிறுத்தினாலே அது ஒரு வானளாவி. அதை எழுப்பியவர்களில் பெரும்பாலோர் தெற்காசியத் தொழிலாளிகள். 2006 மார்ச்சில் சுமார் 2,500 பேர் கூலி உயர்வும் நல்ல நடத்தையும் கேட்டுக் கிளர்ச்சி செய்தார்கள். கைடில் அதற்கும் வரி கிடையாது.

தேர்வு எழுதுபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கட்டிடம் வேறு, கோபுரம் வேறு. உயரத்தில் பாதியாவது ஆட்கள் புழங்கும் தளமாக இருந்தால்தான் கட்டிடம். டோக்கியோ ஸ்கைட்ரீ 634 மீட்டர் இருந்தாலும் கோபுரக் கணக்கில்தான் வரும். கட்டிடங்களில் இரண்டாவது கோலாலம்பூரின் மெர்டேக்கா 118 (678.9 மீட்டர், 2023), மூன்றாவது ஷாங்காய் டவர் (632 மீட்டர், 2015). பழைய கைடு வைத்திருப்பவர்கள் இரண்டாவது இடத்தைத் திருத்திக்கொள்ளவும்.

முதலிடமும் ஒருநாள் மாறலாம். சவூதியில் 1,000 மீட்டரைத் தாண்டும் இலக்கோடு ஜெட்டா டவர் வேலை 2013-ல் தொடங்கியது. முக்கியப் பங்குதாரர்கள் 2017-ல் ஊழல் ஒழிப்பு நடவடிக்கையில் கைதானார்கள், 2018-ல் வேலை நின்றது. அறுபது சொச்சம் மாடியோடு ஏழு வருடம் பாலைவனத்தில் அப்படியே நின்றுவிட்டு, 2025 ஜனவரியில்தான் மறுபடியும் கான்கிரீட் ஏறத் தொடங்கியது. அது முடியும் வரை விடைத்தாளில் எழுத வேண்டியது: புர்ஜ் கலீஃபா, 828 மீட்டர்.