எம்டி என்றால் மெட்ராஸ்

போன மாதம் என் லினக்ஸ் லேப்டாப்பில் மட் நிறுவினேன். மவுஸ், படம் எதுவும் இல்லாமல் கறுப்பு டெர்மினலிலேயே மெயில் படிக்கும் மென்பொருள். மைக்கேல் எல்கின்ஸ் 1995-ல் எழுதத் தொடங்கியது. கான்ஃபிக் கோப்பில் பத்துப் பன்னிரண்டு வரி எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தபிறகு மெயில் வந்தது. மேற்குத் தாம்பரம் வீட்டில் பின்னால் நின்று பார்த்த சித்தப்பா, "அட, இது நம்ம பைன் மாதிரி இல்ல இருக்கு" என்றார்.

பைன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-ல் தொடங்கியது. அலுவலக ஊழியர்களும் பயப்படாமல் மெயில் அனுப்ப வேண்டும் என்று செய்தது. எந்த விசைக்கு என்ன வேலை என்று திரையின் அடியிலேயே எழுதியிருக்கும்.

1986-ல் தொடங்கிய எர்நெட் வழியாக ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில் மெயில் முன்பே இருந்தது. கிண்டியைத் தாண்டி இருந்த நமக்கு அது மதிலுக்கு அந்தப் பக்கம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தனிநபருக்கு 250 மணி நேரம் 5,000 ரூபாய். படங்களோடு இணையம் பார்க்கும் டிசிபி/ஐபி கணக்கு 15,000. மாணவருக்கு 500 ரூபாய், ஆனால் வெறும் எழுத்து. மோடம் கீச்சிட்டு இணைந்ததும் உங்கள் கணினி வெறும் திரையாகிவிடும். வேலை செய்வது விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் இயந்திரம். யார் படம் பார்க்கலாம் என்பதை விலைப்பட்டியலே முடிவு செய்தது.

சித்தப்பாவின் முகவரியில் 'ஜியாஸ்எம்டி01' என்று வரும். எம்டி என்றால் மெட்ராஸ். 1996-ல் ஊர் சென்னை ஆனது, முகவரி ஆகவில்லை.

திரையில் தமிழ் வராது. அதனால் பாட்டி சொல்லச் சொல்ல, சித்தப்பா ஆங்கில எழுத்தில் தட்டி சிங்கப்பூர் அத்தைக்கு அனுப்பியிருக்கிறார். ஒருமுறை பாட்டி புது வாளி வாங்கியதைச் சொல்ல, அத்தை 'எங்கே வலி' என்று பதறியிருக்கிறார். நெடிலுக்கு இரண்டு 'ஏ' போடும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்ததாம்.

அந்த மெயில்களைச் சித்தப்பா ஃப்ளாப்பியிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றி மாற்றி வைத்திருந்தார். எம்பாக்ஸ் கோப்பு: மெயில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, வெறும் எழுத்தாக. மட்டில் ஒரே கட்டளை, திறந்துவிட்டது. பிற்பாடு அவர் விண்டோஸில் ஆளுக்கொரு ஃபான்ட் போட்டுத் தமிழிலேயே எழுதிய கடிதங்களும் அதே பென்டிரைவில் இருந்தன. ஃபான்ட் போனது, கடிதமும் போனது. திறந்தால் கேள்விக்குறியும் கோணல் குறிகளும். தமிழை விட்டுக்கொடுத்து எழுதிய தமிழ்தான் மிஞ்சியது. எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. யூனிகோட் வந்தபிறகும் என் டெர்மினலில் 'கொ' ஒழுங்காக வருவதில்லை, கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கின்றன.

கோப்பின் கடைசி மெயில் 1998-ல் அனுப்பியது. பாட்டி கேட்கிறார்: போரிங் தண்ணியில உப்பு ஏறிடுச்சு, நீ வரும்போது என்ன பண்ணுவ? சித்தப்பா அத்தோடு கணக்கைப் புதுப்பிக்கவில்லை. அத்தையின் பதில் கோப்பில் இல்லை.