முதல்வர் தேர்வும் அமானிதமும்: சென்னை மாநிலம், 1952–1954

வாக்கு எண்ணி முடிந்ததும் தேர்தல் முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், அதன்பின் மற்றொரு தேர்தல் தொடங்குகிறது. சட்டமன்றக் கட்சியின் தலைவர் யார், யாருடைய ஆதரவால் அவர் ஆட்சி அமைப்பார் என்பதை முடிவுசெய்யும் தேர்தல் அது. அங்கே வாக்காளருக்கு இடமில்லை. அவருடைய வாக்கை அமானிதமாகச் சுமந்து சென்றவர்களே அங்கே பேசுகின்றனர். அந்த அமானிதம் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை நம் மாநிலத்தின் இரண்டு நிகழ்வுகளைக் கொண்டு பார்ப்போம்.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்ட முதல் பொதுத்தேர்தல் 1952இல் நிறைவுற்றது. ஆந்திரம், மலபார், தென் கன்னடம் ஆகிய பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சென்னை மாநிலத்தின் சட்டமன்றத்தில் 375 இடங்கள். ஆளுங்கட்சியான காங்கிரஸ் பெற்றவை 152 மட்டுமே. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோல்வியுற்றார். எதிர்க்கட்சியினர் த. பிரகாசத்தின் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகத் திரண்டு, 160க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஆதரவு தமக்கு உண்டென்று கூறினர். இந்தப் பிரகாசமும் 1946இல் காங்கிரஸ் சார்பில் ஆட்சித் தலைமை ஏற்று, மறு ஆண்டே சொந்தக் கட்சியினரால் பதவி இழந்தவர்தாம்.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா முன்னணியை அழைக்கவில்லை. காங்கிரஸார் ராஜாஜியை நாடினர். கவர்னர் ஜெனரலாக இருந்து ஓய்வுபெற்ற அவர் தேர்தலில் போட்டியிடவே இல்லை. ஆளுநரின் நியமனத்தால் சட்ட மேலவை உறுப்பினராகி, 1952 ஏப்ரல் 10ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். இந்நியமனத்தை எதிர்த்த வழக்கு நீதிமன்றத்தில் நிலைபெறவில்லை. ஆயினும், சட்டத்துக்கு உட்பட்டது என்பதும் மக்களின் விருப்பத்துக்கு உகந்தது என்பதும் ஒன்றல்ல.

அடுத்து, எண்ணிக்கையைக் கூட்டும் பணி நடந்தது. காமன்வீல் கட்சி ஆதரவளித்தது. அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். வேறு கட்சிகளிலிருந்தும் சிலர் அணி மாறினர். ஜூலையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் பதிவாயின. 152 இடங்கள் பெற்ற கட்சி மூன்றே மாதங்களில் 200 வாக்குகள் பெற்றது. இடையில் மக்கள் மீண்டும் வாக்களிக்கவில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு. முஸ்லிம் லீகின் ஐந்து உறுப்பினர்களும் ராஜாஜி அரசை ஆதரித்தனர். முந்தைய அவையில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கியவர் காயிதே மில்லத் என்பதை இங்கே நினைவுகூர்வது தகும். சிறிய கட்சி ஒன்று பெரிய கட்சியை ஆதரிப்பது தவறன்று. சமுதாயத்தின் பாதுகாப்புக்கும் நிலையான ஆட்சிக்கும் அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஆதரவு எதன்பொருட்டு என்பதை வாக்களித்தோர் முன்னிலையில் தயக்கமின்றிச் சொல்ல இயலவேண்டும். சொல்ல இயலுமாயின் அது உடன்படிக்கை. சொல்ல இயலாதெனின் அது பேரம்.

நீதியாகச் சொல்வதானால், ராஜாஜியின் ஆட்சி நன்மைகளும் செய்தது. உணவு தானியங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை அவர் நீக்கியதை மக்கள் வரவேற்றனர். ஆனால் 1953இல், கட்சியினரிடம் கலந்தாலோசிக்காமலே புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். எதிர்ப்பாளர்கள் அதைக் 'குலக்கல்வி' என்றனர். மக்களிடம் வாக்குக் கேட்காமல் வந்த தலைமைக்கு, மக்களின் மனத்தைக் கேட்டறியும் தேவையும் குறைந்துவிடுகிறது. மஷூராவைத் துறந்த ஆற்றல் எவ்வளவு பெரிதாயினும் நெடுநாள் நிற்பதில்லை. சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு முற்றியது. ராஜாஜி விலகினார்.

1954 மார்ச்சில் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடியது. காமராசருக்கு 93 வாக்குகள். ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41. இங்கும் அணிகள் இருந்தன. நீண்ட காலப் பகையும் இருந்தது. ஆனால் வென்றபின் காமராசர் செய்த இரண்டு செயல்கள் எண்ணத்தக்கவை. தம்மை எதிர்த்த சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். தாமும் சட்டமன்ற உறுப்பினராக இல்லாத நிலையில், மேலவை வழியை நாடாமல், குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று மக்களின் வாக்கைப் பெற்றே அவைக்கு வந்தார்.

ஒரே கட்சி, ஒரே சட்டமன்றம். ஒருவர் நியமனத்தால் வந்தார். மற்றவர் மக்களிடம் சென்று வந்தார். பிற்காலத்தில், 1985இல், கட்சித்தாவலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அணி மாறுபவரின் பதவியை அது பறிக்கும். மூடிய அறையில் பேசப்படுவதை எந்தச் சட்டமும் கேட்பதில்லை. அதைக் கேட்பவன் அல்லாஹ் ஒருவனே என்னும் அச்சம் உள்ளத்தில் இருந்தாலன்றி அங்கே காவல் இல்லை.

இதை அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரிய பாடமென்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் மஹல்லாக்களில் ஜமாஅத் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும்போதும், குடும்பப் பெருமையும் முன்கூட்டிப் பேசிவைத்த பங்கீடும் தலைகாட்டுவதுண்டு. யாருக்கு ஆதரவு, எதன்பொருட்டு என்பதைப் பள்ளிவாசலில் கூடியிருப்போர் முன் சொல்ல முடிகிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். தோற்றவரும் அதே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கும் நம் சகோதரர்தாம். அவரிடமும் பொறுப்பொன்றை ஒப்படைப்போம்.