மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

கவுன்ட்டரில் சாயங்காலம் ரொக்கத்தை எண்ணும்போது சில நாள் கணக்கு நேராகாது. எங்கோ பிழை என்று மொத்தம் சொல்லிவிடும்; எந்த வவுச்சரில் என்று சொல்லாது. பிழை உண்டு என்று அறிவதும் பிழை எது என்று அறிவதும் ஒன்றல்ல. கணித சரித்திரத்தில் ஓர் எண் இந்த இரண்டுக்கும் நடுவில் 27 வருஷம் நின்றது.

அறுபத்தேழு 2களைப் பெருக்கி 1ஐக் கழித்தால் அந்த எண் வரும்: 147573952589676412927. 1644ல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். நிரூபணம் தரவில்லை. 1876ல் எடுவார் லூக்கா அது பகா எண் அல்ல என்று காட்டினார். வகுத்துப் பார்த்தல்ல, பகா எண் என்றால் தேறியாக வேண்டிய ஒரு சோதனையில் அது தேறவில்லை. எதனால் வகுபடும் என்பது அவருக்கும் தெரியாது.

1903 அக்டோபர் 31. அமெரிக்க கணிதச் சங்கத்தின் நியூயார்க் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் விடையை வைத்தார்: 193707721 × 761838257287. அவர் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், கைதட்டல் எழுந்தது என்கிறார் ஈ. டி. பெல். எவ்வளவு காலம் பிடித்தது என்று பின்னாளில் கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல். பெல் இதை அச்சேற்றியது 1951ல். கதைக்கு மெருகேற்றத் தயங்காதவர் அவர். அந்த மௌனத்தை நான் பாதிதான் நம்புகிறேன்.

கோலின் உழைப்பு வேறு விஷயம். இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 134ன் மடங்கோடு 1 சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். முதல் காரணி 134ஐ 1445580ஆல் பெருக்கி 1 கூட்டியது. வரிசையாகத் தேடியிருந்தால் பதினான்கு லட்சம் படிகளுக்கு மேல். வர்க்க எச்சங்களைக் கொண்டு சலித்துச் சலித்து அவர் அந்தக் கூட்டத்தைக் குறைத்தார். இன்று கம்ப்யூட்டருக்கு இது கண்ணிமைக்கும் வேலை. நான் ஒரு ஞாயிறன்று பேப்பரில் பெருக்கிப் பார்த்தேன். சரியாக வந்தது. மெர்சென்னையோ பெல்லையோ, கோலையேகூட, நான் நம்ப வேண்டியதில்லை.

பட்டியலா அலசலா என்ற நம் பழைய சண்டை எனக்கு இங்கேதான் விளங்கியது. நண்பர் ஒருவரின் தொகுப்பைப் பற்றி, இதில் கவிதை இல்லை என்று ஒரே வரியில் எழுதினேன். எந்த இடத்தில் என்று கேட்டார். பதில் இல்லை. லூக்காவைப் போலத் தீர்ப்பு மட்டும் சொன்னேன் என்று சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அதுவும் பொய். லூக்காவிடம் ஒரு சோதனை இருந்தது. நான் மெர்சென்னைப் போலப் பட்டியல்தான் போட்டேன்.

அபிப்ராயம் சரியாகவே இருக்கலாம். ஆனால் படிக்கிறவன் தானே பெருக்கிப் பார்க்க நான் எதையும் தரவில்லை. தொகுப்பைத் திரும்ப எடுத்திருக்கிறேன். இது இரண்டாவது ஞாயிறு.