கட்டண டைரக்டரி சப்மிஷன்

கட்டண டைரக்டரி சப்மிஷன் என்பது, ஒருவருடைய இணையதளத்தின் முகவரியையும் சிறு விவரக்குறிப்பையும் நூற்றுக்கணக்கான இணைய டைரக்டரிகளில் பதிந்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் சேவை. பதிவுகள் கூடினால் வெளியிலிருந்து வரும் இணைப்புகள் கூடும், இணைப்புகள் கூடினால் கூகுள் தேடலில் தளம் மேலே ஏறும் என்பது விற்பவர்கள் சொல்லும் கணக்கு. 2000களின் முற்பகுதி வரை இதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்று அந்த உண்மை போய்விட்டது, விற்பனை மட்டும் தொடர்கிறது. தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் நுட்பமான எஸ்.இ.ஓ. தெரிந்தவர்கள் எப்போதோ கைவிட்ட இந்தச் சரக்கை வாங்குபவர்களில் பெரும்பாலோர் புதிதாகத் தளம் தொடங்கும் சிறு வியாபாரிகள். தருமபுரிக்குத் தெற்கே, சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய நல்லம்பள்ளி போன்ற ஊரில் கடை வைத்திருப்பவருக்கு இந்தச் சேவையால் என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்பதே இங்கு முதன்மையாகப் பேசப்படுகிறது.

டைரக்டரிகளின் காலம்

தேடுபொறிகள் வலுப்பெறும் முன், இணையத்தில் எங்கே என்ன இருக்கிறது என்பதை மனிதர்களே பட்டியலிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994-இல் தொடங்கிய அத்தகைய பட்டியல்தான் யாஹூ ஆனது. ஆசிரியர் குழு ஒவ்வொரு தளத்தையும் பார்த்து, தகுந்த பிரிவில் சேர்த்தது. கூட்டம் பெருகவே, சீக்கிரம் பார்த்துச் சொல்வதற்கு 1999-இல் 199 டாலர் கட்டணம் வந்தது. பின்னர் வணிகத் தளங்களுக்கு அது ஆண்டுக்கு 299 டாலர் ஆயிற்று. இந்தப் பணம் தளத்தைப் பரிசீலிப்பதற்கு மட்டுமே. சேர்த்துக்கொள்வோம் என்ற உறுதி அதில் கிடையாது, நிராகரித்தாலும் பணம் திரும்பாது. இன்றைய சேவைகளிலிருந்து அது வேறுபடுவது இந்த இடத்தில்தான். ‘வேண்டாம்’ என்று சொல்லும் ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார்.

1998 ஜூனில் ரிச் ஸ்க்ரெண்டாவும் பாப் ட்ரூயலும் தொடங்கிய திறந்த டைரக்டரி, டீமாஸ் என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டது. அதே ஆண்டு அது நெட்ஸ்கேப் வசம் போனது. தன்னார்வ ஆசிரியர்கள் நடத்தினார்கள், கட்டணம் இல்லை. கூகுள் தனது சொந்த டைரக்டரியை இதன் தரவைக் கொண்டே 2000 முதல் 2011 வரை நடத்தியது. யாஹூவிலும் டீமாஸிலும் இடம் பெறுவது அன்று ஒரு தளத்துக்கு மரியாதை. தொடர்புடைய டைரக்டரிகளில் தளத்தைப் பதியுங்கள் என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருந்தது. யாஹூ டைரக்டரி 2014 டிசம்பரிலும் டீமாஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன.

தமிழ் இணையத்திலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தளம். பதிவர் தன் முகவரியை அங்கே சேர்த்துவிட்டால் புதிய இடுகைகள் முகப்பில் தோன்றும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. தேனீ வளர்ப்பைப் பற்றி எழுதியவரையும் ஈழத்து நினைவுகளை எழுதியவரையும் ஒரே இடத்தில் கண்டு வாசிக்க ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்தார்கள், பதிவர்களுக்கு வாசகர் கிடைத்ததும் அதனால்தான். யார் வந்து பார்க்கிறார்கள் என்ற இந்தக் கேள்வியை எந்த டைரக்டரியைப் பற்றியும் முதலில் கேட்டாக வேண்டும்.

இணைப்பு எப்படி மதிப்பானது

கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பேஜ்ரேங்க் என்ற கணக்கீட்டை விளக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் கொடுக்கும் இணைப்புகளை வைத்து அதன் முக்கியத்துவத்தை அளப்பது அந்த முறை. இணைப்புக் கொடுக்கும் பக்கம் தன்னிடமுள்ள மதிப்பை, தான் சுட்டும் எல்லாப் பக்கங்களுக்கும் சமமாகப் பங்கிடும். அந்தப் பங்கும் முழுதாகப் போய்ச் சேராது, 0.85 அளவுக்குக் குறைத்தே சேரும் என்று கட்டுரை வைத்துக்கொண்டது. ஒரு டைரக்டரிப் பக்கத்தில் 200 தளங்கள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 200-இல் ஒரு பங்கு. யாருமே இணைப்புக் கொடுக்காத டைரக்டரியாக இருந்தால் பங்கிடுவதற்கே அதனிடம் எதுவும் இருக்காது. சேவை விற்பவர் எண்ணிக்கையைச் சொல்லும்போது இந்த வகுத்தலைச் சொல்வதில்லை.

2000 டிசம்பரில் வந்த கூகுள் டூல்பார், ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ரேங்கையும் (சுருக்கமாக பி.ஆர்.) 0 முதல் 10 வரை ஒரு பச்சைப் பட்டையில் காட்டியது. இணைப்புச் சந்தை அங்கிருந்துதான் சூடுபிடித்தது. ‘பி.ஆர். 5 உள்ள டைரக்டரி’, ‘பி.ஆர். 6 உள்ள டைரக்டரி’ என்று விலை வைத்து விற்க ஓர் அளவுகோல் கையில் கிடைத்துவிட்டது. 2016-இல் கூகுள் அந்தப் பட்டையை முற்றிலும் எடுத்துவிட்டது. இன்றும் சிலர் பி.ஆர். எண் சொல்லி விற்கிறார்கள். வெளியாருக்குத் தெரியவே தெரியாத எண் அது.

சேவையின் உள்வேலை

பிஎச்பி லிங்க் டைரக்டரி போன்ற ஆயத்த மென்பொருள்கள் வந்தபின், ஒரு டொமைனும் மாத வாடகைக்கு ஒரு சர்வரும் இருந்தால் ஒரே மாலையில் டைரக்டரி தொடங்கிவிடலாம் என்றாயிற்று. ஆயிரக்கணக்கில் முளைத்தன. பெயரும் நிறமும்தான் வேறு, அமைப்பு ஒன்றே. பதிவுப் பக்கத்தைத் திறந்தால் மேலே மூன்று தெரிவுகள் இருக்கும்: கட்டணத்துடன் முன்வரிசை இணைப்பு, கட்டணத்துடன் சாதாரண இணைப்பு, நீங்கள் எங்களுக்கு இணைப்புக் கொடுத்தால் இலவச இணைப்பு. கீழே தலைப்பு, தள முகவரி, விவரம், பெயர், மின்னஞ்சல், பிரிவு ஆகியவற்றுக்கான கட்டங்கள். கடைசியில் கோணல் எழுத்துகளைப் படித்துத் தட்டச்சச் சொல்லும் கேப்ச்சா. மின்னஞ்சலுக்கு வரும் உறுதிப்படுத்தும் சுட்டியை அழுத்தினால் பதிவு வரிசையில் நிற்கும். டைரக்டரி உரிமையாளர் என்றாவது திறந்து பார்த்தால்தான் அது வெளியே தெரியும்.

இந்தக் கட்டங்களை நிரப்பும் வேலையில் பெரும்பகுதி இந்தியாவிலும் சுற்றியுள்ள நாடுகளிலும் நடந்தது. வெளிநாட்டு எஸ்.இ.ஓ. நிறுவனம் வாங்கிய ஆர்டர் இங்கே ஒரு சிறு அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து வீட்டில் கணினி வைத்திருப்பவருக்குப் போகும், கூலி பதிவுக்கு இவ்வளவு காசு என்று வரும். 2010-இல் தொடங்கிய ஃபைவர் போன்ற சந்தைகளில், எல்லா வேலைக்கும் 5 டாலர் என்றிருந்த காலத்தில், 500 டைரக்டரி, 1000 டைரக்டரி என்ற விளம்பரங்கள் குவிந்தன. அந்த விலைக்குக் கையால் நிரப்பிக் கட்டாது என்பதால் மென்பொருளே நிரப்பியது, விவரக்குறிப்பில் சொற்களை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டது.

வேலை முடிந்ததும் வாடிக்கையாளருக்கு வருவது ஓர் எக்செல் தாள். வரிசை எண், டைரக்டரியின் பெயர், பதிந்த தேதி, நிலை. நிலை என்ற பத்தியில் பெரும்பாலான வரிகளில் ‘பெண்டிங்’ என்றே இருக்கும். பதிந்தோம் என்று சொல்லித்தான் பணம் வாங்கப்பட்டது. ஏற்கப்பட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஏற்கப்பட்டவற்றிலும் எத்தனை பக்கங்களைக் கூகுள் தன் குறிப்பேட்டில் வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தின் முழு முகவரியை அப்படியே தேடல் பெட்டியில் இட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். வரவில்லை என்றால் அந்த இணைப்பு கூகுளைப் பொறுத்தவரை இல்லை.

கூகுளின் எதிர்நடவடிக்கை

2005 ஜனவரியில் கூகுளும் யாஹூவும் எம்.எஸ்.என்.னும் ‘நோஃபாலோ’ குறியீட்டை ஏற்றன. இணைப்பில் இந்தக் குறி இருந்தால் அது தரவரிசைக் கணக்கில் சேராது என்பது அன்றைய விதி. 2019-இல் விளம்பர இணைப்புகளுக்கென ‘ஸ்பான்சர்டு’ என்ற தனிக்குறியும் வந்தது. 2007-இல் இணைப்பு விற்ற பல டைரக்டரிகளின் பேஜ்ரேங்க் குறைக்கப்பட்டது. 2008-இல் டைரக்டரிகளில் பதியச் சொன்ன வரியையே கூகுள் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. தரமற்ற டைரக்டரி இணைப்புகள் இன்று அதன் ஸ்பேம் கொள்கையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றன.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி அங்காடிக்குச் சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களிலிருந்து விலைக்கு வாங்கிய ஆயிரக்கணக்கான இணைப்புகள் வந்திருப்பதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. கூகுள் உடனே அந்தத் தளத்தைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளியது.

திருப்புமுனை 2012 ஏப்ரல் 24. அன்று கூகுளின் தேடல் கணக்கீட்டில் வெளியான பென்குயின் மாற்றம், ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தைப் பாதித்ததாகக் கூகுள் சொன்னது. முந்நூறு டைரக்டரிகளில் ஒரே சொற்றொடரை இணைப்பின் எழுத்தாக வைத்திருந்த தளங்கள் பலத்த அடி வாங்கின. இயல்பாக இணைப்புக் கொடுக்கும் முந்நூறு பேர் ஒரே சொற்களில் எழுத மாட்டார்கள் என்பது எந்திரத்துக்கும் எளிதில் புரிகிற விஷயம். 2016 செப்டம்பரில் பென்குயின் நிரந்தரமாகக் கூகுளின் கணக்கீட்டில் கலந்தது. அது முதல் இத்தகைய இணைப்புகளை மதிப்பற்றவையாக்கி விடுவதே பெரும்பாலும் நடக்கிறது. 2022 டிசம்பரில் ஸ்பேம்பிரெய்ன் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பும் இதில் இறக்கப்பட்டது. ஆகவே இன்று பணம் கொடுத்தவருக்கு அதிகம் நேர்வது தண்டனை அல்ல, ஒன்றுமே நடக்காததுதான். தளம் இருந்த இடத்திலேயே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும். வேண்டுமென்றே செய்ததாகக் கூகுள் ஊழியர் கண்டால் நேரடி நடவடிக்கைக்கும் இடமுண்டு.

நல்லம்பள்ளியிலிருந்து பார்த்தால்

நல்லம்பள்ளி வட்டத் தலைமையிடம், வாரச்சந்தை கூடும் ஊர். நெடுஞ்சாலையில் சேலம் நோக்கிப் போனால் தொப்பூர் கணவாய். சாலையோரம் உணவகம், லாரிப் பட்டறை, பஞ்சர் கடை. சுற்றுப்பகுதியில் புளி வியாபாரம் பழமையானது. இங்குள்ள வியாபாரிகளில் ஒருவர் தன் கடைக்கு இணையதளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். டொமைன் பதிவு விவரம் மறைக்கப்படாவிட்டால் சில நாட்களுக்குள் அழைப்புகளும் மின்னஞ்சல்களும் வரத் தொடங்கும். டொமைன் புதுப்பிப்பு ரசீது போலவே அமைந்த கடிதம் ஒன்றும் வரலாம். பொடி எழுத்தில் படித்தால் அது தேடுபொறிகளில் பதிவதற்கான கட்டணக் கோரிக்கை. டொமைன் வாங்கிய நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பிருக்காது.

இந்த வியாபாரிகளுக்கு வேண்டிய வாடிக்கையாளர் யார் என்று பாருங்கள். கணவாயில் பிரேக் பிடிக்காமல் நின்ற லாரியின் ஓட்டுநர், கைப்பேசியில் பக்கத்தில் உள்ள மெக்கானிக்கைத் தேடுகிறார். கூகுள் அவருக்குக் காட்டுவது வரைபடமும் அதன் கீழே மூன்று நான்கு கடைகளும். அந்த வரிசை பொருத்தம், தூரம், அறியப்பட்ட அளவு ஆகிய மூன்றைக் கொண்டு அமைகிறது என்றும், பணம் கொடுத்து அதில் மேலே வர வழியில்லை என்றும் கூகுளே எழுதியிருக்கிறது. வெளிநாட்டு டைரக்டரியில் ‘வாகனம்’ பிரிவில் நாற்பதாவது பக்கத்தில் இருக்கும் பதிவு அந்த ஓட்டுநரின் கண்ணில் படவே படாது. கடையைக் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் சேர்க்கக் கட்டணம் இல்லை. 2014 முதல் கூகுள் மை பிசினஸ் என்று இருந்து 2021-இல் பெயர் மாறிய சேவை அது. கடை திறந்திருக்கும் நேரம், சரியான தொலைபேசி எண், பட்டறையின் படம், வாடிக்கையாளர் எழுதும் கருத்து ஆகியவை அங்கே வேலை செய்யும். இவ்வளவும் இலவசமாக இருக்கையில் புதிய கடைக்காரரின் முதல் பணம் எக்செல் தாளுக்குப் போவது வருத்தமான விஷயம்.

முகவரியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஊரின் பெயரை ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை மாற்றி இரண்டு விதமாக எழுதுகிறார்கள், மாவட்டத்தைத் தமிழில் தருமபுரி என்றும் தர்மபுரி என்றும் எழுதுகிறார்கள். 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை வெளிவந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பொள்ளாச்சிப் பக்கமும் ஒரு நல்லம்பள்ளி உண்டு. கடைப் பெயர், முகவரி, எண் எல்லா இடத்திலும் ஒரே விதமாக இருந்தால்தான் இவையெல்லாம் ஒரே கடை என்று தேடுபொறி சேர்த்துப் பார்க்கும். மலிவுச் சேவைகள் விவரத்தை மாற்றி மாற்றிப் போடுவது இதைத்தான் கெடுக்கிறது.

வாடிக்கையாளர் உண்மையில் தேடி வரும் டைரக்டரிகளும் இந்தியாவில் உண்டு. வி.எஸ்.எஸ். மணி 1996-இல் தொடங்கிய ஜஸ்ட்டயல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுலேகா, மொத்த வியாபாரத்துக்கு 1996-இல் தொடங்கிய இந்தியாமார்ட் ஆகியவை அந்த வகை. இவற்றில் அடிப்படைப் பதிவு இலவசம். கட்டணம் கட்டினால் அந்தத் தளத்துக்குள் முன்னிடமும் விசாரணை அழைப்புகளும் கிடைக்கும். புளி மொத்த வியாபாரிக்கு இந்தியாமார்ட் வழியாக ஐதராபாத்திலிருந்து ஒரு விசாரணை வந்தால் அது பயன்தான். வந்த அழைப்புகளில் எத்தனை வியாபாரமாயின என்று எண்ணி, கொடுத்த பணத்தோடு ஒப்பிட முடியும். இங்கே கொடுப்பது விளம்பரச் செலவு. கூகுள் தரவரிசைக்கான செலவாக இதைக் கணக்கெழுதக் கூடாது.

பணம் கொடுத்த பிறகு

கூகுளில் முதலிடம் உறுதி என்று எழுதிக் கொடுத்து ஏமாற்றினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய இந்தச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை விலக்கப்பட்டாலும், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் தொழிலுக்கு வாங்கியது அந்த விலக்கில் வராது. ரசீதும் வாட்ஸ்அப்பில் கொடுத்த வாக்குறுதியும் கையில் இருக்க வேண்டும். அப்பட்டமான மோசடி என்றால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே சொல்ல வேண்டும்.

வேண்டாத இணைப்புகளைக் களைவது வேறு வேலை. பென்குயினுக்குப் பிறகு, பதிவை நீக்கக் கட்டணம் கேட்ட டைரக்டரிகளும் இருந்தன. அதைக் கொடுக்கத் தேவையில்லை. 2012 அக்டோபரில் கூகுள் அறிமுகப்படுத்திய ‘டிஸ்அவோ’ கருவியில், வரிக்கு ஒரு தளமாக எழுதிய எளிய உரைக்கோப்பை ஏற்றினால் அந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தெரிவித்ததாகிவிடும். பெரும்பாலான தளங்களுக்கு இதுவும் தேவைப்படாது. தள உரிமையாளருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில், நேரடி நடவடிக்கைகளைக் காட்டும் ‘மேனுவல் ஆக்‌ஷன்’ பகுதியைத் திறந்து, அங்கே எச்சரிக்கை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பழைய டைரக்டரிப் பதிவுகளை அப்படியே விட்டுவிடலாம்.